தூலோனில் எத்தனை மணிக்கு விடியும்?

ஞானசௌந்தரியின் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவர் ஜாதகம் அச்சடித்துக் கொடுப்பார். இந்தப் பக்கம் நான், உத்திராபதி, மிக்ஸி ரிப்பேர் பார்ப்பேன். என்னைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: திறக்க முடியாத பொருளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது வருகிற மிக்ஸிகளில் சாதாரணத் திருப்புளிக்கு மசியாத முக்கோணத் தலை ஸ்குரூ வைத்து அனுப்புகிறார்கள். தன் வீட்டு மிக்ஸியின் மூடியைக் கழற்ற வாங்கியவருக்கே உரிமை கிடையாதாம். இந்த அநியாயத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானசௌந்தரி, “அண்ணே, டீ ஆறிப்போவுது” என்பார்.

காரைக்காலில் பாதிப் பேருக்கு அவர் டீச்சர். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்ததால் வந்த பேர். அப்பா ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்தவர். மகள் இன்ஸ்டிடியூட்டில் கற்கப் போய், அங்கேயே கற்றுக்கொடுத்து, கடைசியில் அந்த இன்ஸ்டிடியூட்டையே எடுத்து நடத்தினார். டைப்ரைட்டரை யாரும் சீந்தாத காலம் வந்ததும் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு மூச்சு அழுதுவிட்டு, மறுவாரமே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கப்புறம் வெளிநாட்டுப் போன், இன்டர்நெட், கல்யாணப் பத்திரிகை டைப்பிங் என்று கடை வளர்ந்தது. ஜாதகம் கடைசியாக வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேர் அது. கம்ப்யூட்டரின் பின்புறம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பூட்டைச் செருகினால்தான் வேலை செய்யும்.

டீச்சர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். கம்ப்யூட்டருக்கு மேலே மாதா படம், அதற்குக் கீழே பிரிண்டர் தாளில் சனி எந்த வீட்டில் என்கிற கட்டம். ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த பங்குச் சாமியார் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, “ஞானம், இது என்னம்மா?” என்றார்.

“அச்சடிக்கிறதுதான் ஃபாதர் நானு. நம்புறது அவங்க பாடு” என்றார் டீச்சர். சாமியார் சிரித்துவிட்டு ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சர் கறார். கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். ஜாதகம் கேட்டு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து திரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரிண்டர் கரகரவென்று கத்தி முடித்ததும் தாள் வரும்.

“ஏன் டீச்சர் திருப்பி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பேரையும் நேரத்தையும் தட்டி ஒரு பொத்தானை அமுக்குறேன், அவ்வளவுதாண்ணே. அதை ஜனங்க பாத்தா அப்புறம் எனக்கு என்ன மரியாதை?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மிக்ஸிக்காரனே ஒத்துக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது 2006இல். அப்போது கடையில் டைப்பிங் வேலை பார்த்தவள் வினிதா. பட்டினச்சேரியில் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்கிற மணிவேலின் மகள். குரல் உயராது, விரல் ஓயாது. டீச்சருக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். தன் சாப்பாட்டுப் பாத்திரத்தில் பாதியை அவளுக்கு வைக்காமல் சாப்பிடமாட்டார்.

கோவில்பத்திலிருந்து கோவிந்தராசு அந்தக் கடைக்கு அடிக்கடி வருவார். அவருக்கும் பூர்விகம் பட்டினச்சேரிதான். இளவயதில் வலையை விட்டுவிட்டு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பிரான்சில் தூலோன் என்ற கடற்கரை ஊரில் வருஷக்கணக்காக இருந்து, பென்ஷனோடு திரும்பியவர். அங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்ட மகளோடு போன் பேச டீச்சர் கடைக்குத்தான் வருவார். கூடவே வருகிற மகன் சிவபாலன் படகு என்ஜின் மெக்கானிக். வந்தால் டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வினிதாவின் மேஜை விசிறியைச் சரிபார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவான். அந்த விசிறியில் ஒரு கோளாறும் கிடையாது. நான் பக்கத்துக் கடையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

இதைப் பார்த்துவிட்டு டீச்சரே இரண்டு வீட்டுக்கும் பேசினார். ஒரே சாதிசனம், ஒரே தொழில் வாசனை. மணிவேல் சந்தோஷமாகத் தலையாட்டினார். “ஜாதகம் மட்டும் சேந்துட்டா போதும் டீச்சர்” என்றார்.

சிவபாலன் பிறந்தது தூலோனில், 1978 ஜூலையில். பட்டாளத்துக்காரர் ஜாதகமெல்லாம் எழுதி வைக்கவில்லை. எத்தா சிவிலில், அதாவது பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில், பிறந்த நேரம் இருந்தது. டீச்சர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், கடையில் தனியாக இருந்த வினிதா தானே அந்த நேரத்தைத் தட்டி, தன் ஜாதகத்தோடு சேர்த்துப் பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் கத்தியது எனக்குக் கேட்டது. அது நின்ற பிறகும் அவள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கவில்லை. திரை சுவரைப் பார்த்து இருந்ததால் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

அவள் ரோகிணி. அவன் சுவாதி என்று வந்திருந்தது. தாளை மடித்து அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். மணிவேல் அதை எடுத்துக்கொண்டு அம்பகரத்தூர் ஜோசியரிடம் போனார். முன்பெல்லாம் பெண் வீட்டு ஜோசியரும் மாப்பிள்ளை வீட்டு ஜோசியரும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, சபையில் சத்தமாகக் கணக்குச் சொல்லி ஒருவரையொருவர் மடக்குவார்கள். தப்பு இருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். இப்போது கட்டம் போடுகிற வேலையை அவர்களும் விட்டுவிட்டார்கள். பிரிண்ட் தாளில் இருப்பதுதான் வேதவாக்கு. ஜோசியர் தாளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். ரோகிணிக்கும் சுவாதிக்கும் ஆகாது, இரண்டும் கழுத்து ரஜ்ஜு, பெண்ணின் உயிருக்கே ஆகாது என்று சொல்லிவிட்டார்.

மணிவேல் கெட்ட மனுஷன் கிடையாது. ஒரே மகள். உயிருக்கு ஆகாது என்று கேட்ட பிறகு எந்தத் தகப்பன் துணிவான்? “கம்ப்யூட்டரே சொல்லிட்டுது டீச்சர். விட்டுருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சிவபாலன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். எனக்கு மனசே சரியில்லை. அந்த வாரம் இரண்டு மிக்ஸிக்கு மோட்டாரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோவிந்தராசு மட்டும் மகளோடு பேச வந்தார். “இந்நேரம் எந்திரிச்சிருக்குமா டீச்சர்?” என்று கேட்டார்.

டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல், “அங்க இன்னும் கோடைக் கணக்குதாங்க. மூன்றரையைக் கழிங்க, காலைல எட்டரை” என்றார்.

போன் கூண்டின் கண்ணாடியில் டீச்சரே எழுதி ஒட்டிய அட்டையில் இருக்கிற கணக்குதான் அது. பிரான்சுக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். அந்த ஊரில் கோடை வந்தால் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற காரைக்கால் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போன் செய்துவிட்டு மருமகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறைய.

டீச்சர் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். “கோவிந்தராசண்ணே, தம்பி பொறந்த வருஷமும் அங்க கடியாரத்தைத் தள்ளி வெச்சாங்களா?”

“அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்களே. பட்டாளத்துல மொத நாளு பாதிப் பேரு அணிவகுப்புக்கு லேட்டு.”

டீச்சர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். சாஃப்ட்வேர் ஜாதகத்தின் அடியில் பிறந்த ஊரின் சூரிய உதய நேரத்தையும் சின்ன எழுத்தில் போடும். அதுவரை அதை யாரும் படித்ததில்லை. அன்று டீச்சர் படித்தார். தூலோனில் ஜூலை மாதம் சூரிய உதயம் காலை ஐந்து மணி சொச்சம் என்று இருந்தது.

“அஞ்சு மணிக்கா? காவலுக்கு நின்னவன் நான். ஆறு அடிச்ச பெறவுதான் தல காட்டும்” என்றார் கோவிந்தராசு.

ஆக, சாஃப்ட்வேருக்குக் கோடைக் கணக்கு தெரியவில்லை. பையன் உண்மையில் ஒரு மணி நேரம் முன்னாடியே பிறந்திருக்கிறான். டீச்சர் ஒரு மணி நேரத்தைக் குறைத்துத் தட்டினார். சுவாதி போய்ச் சித்திரை வந்தது. சித்திரைக்கு ரஜ்ஜு வேறு. ரோகிணிக்குத் தடையில்லை. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கடை வாசலில் நின்றுகொண்டு, “அண்ணே, சித்திரைண்ணே” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். மணிவேல் புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நேரத்தை மாத்திப் போட்டா எல்லா ஜாதகமும் சேரும் டீச்சர். என் மவ வேலை செய்யிற கடை. நீங்க அவ மேல பிரியமா இருக்கீங்க. நான் தப்பா சொல்லல.” புதுத் தாளை மடித்துக்கொண்டே, “அந்தப் பொட்டிக்குள்ள என்ன கணக்கு நடக்குதுன்னு நீங்க பாத்தீங்களா? நான் பாத்தனா?” என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. வினிதா தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தன்னைச் சந்தேகப்படுகிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் டீச்சர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். கம்பெனி முதலாளியே எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

“எங்க சாஃப்ட்வேர்ல தப்பு வராதுங்க. எத்தனையோ ஊர்ல ஓடுதுங்க” என்றார் முதலாளி.

“சரிங்க, உள்ள எப்படிக் கணக்கு போடுதுன்னு காட்டுங்க. சோர்ஸ் கோடுன்னு சொல்றாங்களே, அது.”

“அது கம்பெனி ரகசியமுங்க.”

சோர்ஸ் கோடு என்றால் என்ன என்று டீச்சர் எனக்கு முந்தின நாளே விளக்கியிருந்தார். கம்பெனியில் உட்கார்ந்து மனுஷர்கள் எழுதுகிற மூலக் கணக்கு அது. அதை அரைத்து மாவாக்கித்தான் நமக்கு விற்கிறார்கள். மாவைப் பார்த்து உள்ளே என்ன போட்டார்கள் என்று நாம் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, “காசு கொடுத்து வாங்கினவங்களுக்குக் காட்டுறதுல உங்களுக்கு என்னங்க நஷ்டம்?” என்று கேட்டுவிட்டேன்.

“நீங்க யாருங்க?”

“பக்கத்துக் கடை. மிக்ஸி.”

முதலாளி கோபப்படவில்லை. “அண்ணா, மிக்ஸியைத் திறந்து பாத்தா இன்னொரு மிக்ஸி பண்ண முடியாதுங்க. இதைத் திறந்து கொடுத்தா நாளைக்கே ஒருத்தன் பேரை மாத்தி வித்துருவானுங்க. பூட்டு போட்டும் ஒருத்தன் வித்தான். நாங்க நாலு பேரு ராப்பகலா உக்காந்து எழுதினதுங்க” என்றார். நான் ஸ்பீக்கரை விட்டு நகர்ந்துகொண்டேன். நான் இப்படி விட்டுக்கொடுப்பது அபூர்வம்.

டீச்சர் நிதானமாகப் பேசினார். “நீங்க முழுசும் குடுக்க வேணாங்க. பிரான்சுக்கு என்ன நேரம் போட்டுருக்கீங்கன்னு அந்த ஒரு எடத்தை மட்டும் காட்டுங்க. நீங்க காட்டலன்னா இஞ்ச ஒரு பொண்ணை அவ அப்பாவே நம்ப மாட்டேங்குறாரு.”

முதலாளி, “வர்ற சனிக்கிழமை திருநள்ளாறு வர்றனுங்க. எனக்கே ஏழரைச் சனி நடக்குது. கும்புட்டுட்டு அப்படியே வந்துட்டுப் போறேன்” என்றார். ஏழரை என்று எந்த சாஃப்ட்வேர் சொன்னது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. டீச்சர் என்னை முறைத்தார்.

சனிக்கிழமை வந்தார். எண்ணெய்த் தலைமுழுக்கின் ஈரம் காயாத தலை, நெற்றி நிறைய விபூதி, தோளில் லேப்டாப் பை. நாற்பது வயதுதான் இருக்கும். மணிவேலும் கோவிந்தராசும் பெஞ்சின் இரண்டு முனையிலும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சிவபாலன் வாசலோடு நின்றான். நான் கடையைச் சாத்திவிட்டே வந்துவிட்டேன்.

முதலாளி லேப்டாப்பைத் திறந்து எல்லோரும் பார்க்கிற மாதிரி மேஜையில் வைத்தார். கடகடவென்று எழுத்தும் எண்ணும் ஓடின. மணிவேல் முன்னால் சாய்ந்து, “இதுல சுவாதி எங்க இருக்கு?” என்றார். முதலாளி பொறுமையாக, அது வேறு இடம், இது ஊர்களின் நேரப் பட்டியல் என்று விளக்கிவிட்டு ஒரு வரியில் நிறுத்தினார். ஒரு பக்கம் பிரான்ஸ், எதிரே ஒன்று என்ற எண். அவ்வளவுதான்.

“ஒண்ணுன்னா?” என்றார் கோவிந்தராசு.

“லண்டன் நேரத்துக்கு ஒரு மணி முன்னாடிங்க.”

“அது குளிருக்கு. கோடைக்கு ரெண்டு. அது எங்க?”

முதலாளி மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு எண்தான் இருந்தது. கோடை என்று ஒரு பத்தியே கிடையாது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார், விபூதி கையோடு வந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

“இதுக்குத்தானுங்க காட்டறதில்ல. எவனாவது திருடிருவான்னு சொல்றது பாதி நெசம். மீதி, காட்டினா நாங்க பண்ணி வெச்ச லட்சணம் தெரிஞ்சுரும்” என்றார்.

அந்த மனுஷனை எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. நான் திறந்து பார்த்த மிக்ஸிகளிலும் அப்படித்தான். பெரிய ரகசியம் எதையும் கண்டதில்லை. யாரோ அவசரத்தில் சுற்றிய ஒயரும் தூசியும்தான் இருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தி, டீச்சர் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொடுத்தார். முழு சோர்ஸ் கோடையும் தரமுடியாது என்பதில் மட்டும் அவர் கடைசி வரை அசையவில்லை. ஆனால் ஊர்நேரப் பட்டியலை இனிமேல் பூட்டாமல் அனுப்புவதாகவும், தப்பு கண்டால் கடைக்காரர்களே திருத்திச் சொல்லலாம் என்றும் ஒத்துக்கொண்டார். நானும் பாதி சமாதானமானேன். மீதிப் பாதிக்கு இன்னும் சண்டை போடுவேன்.

போகிற போக்கில் அவர் டீச்சரைப் பார்த்து, “என்னைக் காட்டச் சொன்னீங்க, சரி. நீங்க ஏனுங்க திரையைச் சுவத்துப் பக்கம் வெச்சிருக்கீங்க?” என்றார்.

கடை முழுக்கச் சிரிப்பு. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துப் பெஞ்சைப் பார்க்கத் திருப்பினார். பின்னாலிருந்த ஒயரைச் சிவபாலன் ஓடிவந்து தளர்த்திக் கொடுத்தான். வினிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எத்தா சிவிலில் இருந்த நேரத்தை அப்படியே, ஒரு நிமிஷமும் கூட்டாமல் குறைக்காமல் தட்டினாள். மணிவேல் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். அவள் பொத்தானை அமுக்கினாள். சித்திரை என்று வந்தது.

மணிவேல் திரையைப் பார்க்கவில்லை. மகளின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நாக்காலில நீதான் உக்காருவியா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

“அன்னைக்கும் நீதான் அமுக்குனியா? அந்தச் சுவாதித் தாளு?”

வினிதா தலையை மட்டும் ஆட்டினாள்.

மணிவேல் சுவரைப் பார்த்தார், திரை இருந்த பழைய இடத்தைப் பார்த்தார். யாரும் பார்க்க முடியாத இடம். அவள் நினைத்திருந்தால் ஏதாவது ஒரு நேரத்தைத் தட்டி, வேண்டிய நட்சத்திரத்தை வரவழைத்து, அந்தத் தாளைச் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. ஆசைப்பட்டவனை ஆகாது என்று சொன்ன தாளைத்தான் மடித்துக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண்ணைத்தான் அவர் சந்தேகப்பட்டார். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“அப்பா தப்பு பண்ணிட்டேம்மா” என்றார். பிறகு பெஞ்சின் மறுமுனைக்குப் போய்க் கோவிந்தராசு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, “சம்பந்தி, தை மாசத்துல வெச்சுக்கலாமா?” என்று கேட்டார்.

கல்யாணப் பத்திரிகையை டீச்சரே டைப் செய்தார். திரை அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. இப்போது ஜாதகம் கேட்டு வருகிற ஒவ்வொருவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, நேரம் சரியா, ஊர் சரியா, கோடையா குளிரா என்று டீச்சரைக் குடைகிறார்கள். அவர் அலுத்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டுகிறார்.